கூலி பெறும் ஆயன்

யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் நல்ல ஆயனும் கூலிக்கு மேய்ப்பவனும் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றனர். ஓநாய் வரும்போது ஆயன் தன் உயிரையே கொடுக்கிறார்; கூலிக்கு மேய்ப்பவனோ, ஆடுகள் தன்னுடையவை அல்ல என்பதால் ஓடிவிடுகிறான். இவ்வேறுபாட்டை நாம் மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் அதனுள் ஒரு கேள்வி மறைந்து கிடக்கிறது. கூலி பெறுகிறவர் எல்லாரும் ஓடிவிடுகிறவர்தாமா? ஊதியத்திற்காகப் பிறரை வழிநடத்துகிறவர் ஆயனாக இருக்க இயலாதா?

இதைச் சிந்திக்க மலை வழிகாட்டிகளின் வாழ்வு நமக்கு நல்ல பாடநூல். பாதை அறியாத சிலர் பணம் கொடுத்து ஒருவரை அமர்த்துகின்றனர். அவர் நடக்கச் சொன்னால் நடக்கின்றனர். அவர் காட்டிய இடத்தில் கூடாரம் அடித்து உறங்குகின்றனர். ஊருக்குள் பணம் கொடுத்தவரே எசமானர். மலையிலோ பணம் பெற்றவரின் சொல்லே சட்டம். அப்படித்தான் இருத்தல் வேண்டும்.

அப்படி இல்லாதபோது நேர்வது என்ன என்பதற்கு ஆல்ப்ஸ் மலை சான்று பகர்கிறது. 1786 ஆகஸ்ட் 8ஆம் நாள், ஷாமோனி பள்ளத்தாக்கைச் சேர்ந்த ழாக் பால்மா என்பவரும் பக்கார் என்ற மருத்துவரும் மோன் பிளான் சிகரத்தை முதன்முதலாக அடைந்தனர். பின்னர் சிகரம் காண வந்த செல்வர்க்கு வழிகாட்டுவது அவ்வூராரின் தொழிலாயிற்று. 1820 ஆகஸ்டில் ஹமேல் என்னும் அறிஞரின் குழு மலையேறியது. பருவநிலை கண்டு வழிகாட்டிகள் தயங்கினர் என்றும், ஏறியே தீரவேண்டும் என்ற விருப்பமே வென்றது என்றும் சொல்லப்படுகிறது. பனிச்சரிவு வந்தது. வழிகாட்டிகள் மூவர் அதில் புதையுண்டு மாண்டனர். அவர்களை அமர்த்தியவர்கள் உயிருடன் இறங்கினர்.

அடுத்த ஆண்டே, 1821இல், ஷாமோனி வழிகாட்டிகள் தங்களுக்கென ஓர் அமைப்பை நிறுவினர். முறை வைத்துப் பணிக்குச் செல்வது, விபத்துக்குள்ளானோருக்கும் குடும்பத்தாருக்கும் உதவப் பொதுநிதி திரட்டுவது என்பன அவர்கள் செய்த ஏற்பாடுகள். மேலோட்டமாகக் காண்போர்க்கு இவை வெறும் தொழில் விதிகள். கூர்ந்து நோக்கினால் இவற்றில் அறத்தின் வேர் தெரியும். இன்று மறுத்தால் நாளை அடுப்பெரியாது என்ற நிலையில் உள்ளவர், மேகம் திரள்வதைக் கண்டும் ‘வேண்டாம்’ என்று சொல்வது எங்ஙனம்? ‘வேண்டாம்’ என்று சொல்ல இயலாதவர் சுமைதூக்கலாம், வழிகாட்ட இயலாது. கூலி ஒருவரைக் கூலிக்காரராக்குவதில்லை. கூலியை இழந்துவிடுவோமோ என்ற அச்சமே அவரை அவ்வாறு ஆக்குகிறது.

அச்சம் மட்டுமன்று, இரக்கமும் சிலவேளை வழிகாட்டியின் நாவைக் கட்டிவிடும். நியூசிலாந்து நாட்டு வழிகாட்டி ராப் ஹால், 1995இல் டக் ஹேன்சன் என்ற அஞ்சல் ஊழியரை எவரெஸ்ட் சிகரத்தின் அருகிலிருந்து, நேரமாகிவிட்டதெனத் திருப்பி அழைத்து வந்தார். மறு ஆண்டு அதே மனிதர் மீண்டும் வந்தார். 1996 மே 10 அன்று, பிற்பகல் 2 மணிக்குள் அனைவரும் திரும்பிவிடவேண்டும் என்பது ஏற்பாடு. ஹேன்சன் சிகரத்தை எட்டியபோது 4 மணி கடந்திருந்தது. புயல் சூழ்ந்தது. அவரைவிட்டு இறங்கிவரும்படி கீழிருந்தோர் வானொலிக் கருவி வழியே வேண்டியும், ஹால் உடனிருந்தார். இருவரும் மாண்டனர். அப்புயலில் அம்மலையில் இறந்தோர் எண்மர்.

சமவெளியில் அமர்ந்துகொண்டு அவருக்குத் தீர்ப்பிடுவது நமக்குத் தகாது. ஆனால் கற்றுக்கொள்வது தகும். கூலி பெற்றவர் ஓடவில்லை. ஆடு தன்னுடையது என்றே கருதினார். அவர் உடனிருந்ததை அன்பு என்று யாவரும் போற்றுவோம். முந்தைய ஆண்டு அவர் திருப்பி அழைத்து வந்ததை எத்தனை பேர் அன்பு என்று போற்றினோம்? சாவில் உடனிருக்கும் அன்புக்குக் கண்ணீர் கிடைக்கும். சாவைத் தடுக்கும் அன்புக்குக் கிடைப்பது பெரும்பாலும் முணுமுணுப்பே. ஆயனின் கோல் ஓநாயை விரட்ட மட்டுமன்று, ஆட்டைத் திருப்பவும் உரியது.

புனித தோமா அக்குவினார் மனத்திடத்தைப் பற்றிக் கூறுமிடத்தில், தாக்குவதைவிடத் தாங்கிக்கொள்வதே அதன் தலையாய செயல் என்கிறார். அத்துடன், எல்லா நற்பண்புகளையும் நெறிப்படுத்துவது விவேகமே என்றும் கற்பிக்கிறார். முன்னேறிச் செல்வதே வீரம் என்று எண்ணும் உலகிற்கு இது புதிராகத் தோன்றலாம். ஆயினும் சிகரம் கண்ணெதிரே நிற்க, பணம் கொடுத்தவரின் சினத்தையும் ஏமாற்றத்தையும் தாங்கிக்கொண்டு ‘திரும்புவோம்’ என்று சொல்பவரிடம் விவேகமும் மனத்திடமும் ஒருங்கே விளங்குகின்றன.

இனி, வழிநடத்தப்படுவோரின் கடமை யாது? 2014 ஏப்ரல் 18 அன்று, எவரெஸ்டின் கும்பு பனியருவியில் பனிப்பாறைகள் சரிந்து நேபாளப் பணியாளர் 16 பேர் இறந்தனர். பிறர் ஏறுவதற்கான பொருள்களைச் சுமந்து சென்றவர்கள் அவர்கள். ஈமச்செலவுக்கென அரசு முதலில் அறிவித்தது, குடும்பத்திற்கு 40,000 நேபாள ரூபாய். துயரம் சினமாக மாறியது; அவர்கள் பணியை நிறுத்திவிட்டு மலையிறங்கினர். ஆயன் ஆடுகளுக்காக உயிரைக் கொடுப்பது அருள். ஆடுகள் அதை விலைக்கு வாங்கிவிட்டதாக எண்ணுவது பாவம். பிறருடைய உழைப்புக்கு விலை உண்டு. உயிருக்கு விலை இல்லை.

மலையேறுவதில் பெரும் விருப்பம் கொண்டிருந்த குரு அகில்லே ராத்தி, 1889இல் மோன்தே ரோசா மலையின் கடினமான கிழக்கு முகத்தில் வழிகாட்டியின் துணையோடு ஏறினார். அவரே பின்னாளில் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர். ஆல்ப்ஸ் கணவாயில் வழிப்போக்கர்க்கு விடுதி அமைத்த புனித பெர்னார்தை 1923இல் மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவரும் அவரே. திருச்சபை முழுவதையும் வழிநடத்த இருந்தவர், ஒரு மலைவாசியின் அடிச்சுவட்டில் கால்வைத்து நடக்கக் கற்றிருந்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

மாதச் சம்பளம் பெறும் ஆசிரியரும், கட்டணம் பெறும் மருத்துவரும், காணிக்கையில் வாழும் குருக்களாகிய நாமும் கூலி பெறுகிறவர்களே. அதில் இழிவில்லை; உழைப்பவர் தம் கூலிக்கு உரிமையுடையவர் என்பது ஆண்டவரின் படிப்பினை. நம்மைச் சோதிப்பது வேறொன்று. மாணவனின் பெற்றோரும், நோயாளியின் உறவினரும், பங்கின் பெரியோரும் விரும்பாத ஒரு சொல்லை, அவர்கள் நன்மைக்காகவே சொல்லவேண்டிய வேளை வருகிறது. அவ்வேளையில் நாம் வாய் திறக்கிறோமா என்பதைக்கொண்டே, நாம் ஆயரா கூலிக்காரரா என்பது விளங்கும். அச்சொல்லைக் கேட்கும் முறை நமக்கு வரும்போது, சொன்னவரைத் தண்டியாதிருப்போமாக.