யாருடைய பாவத்திலிருந்து?

பாவத்தின் பிடியிலிருந்து விடுபட்டவனே மெய்யாகச் சுதந்திரமானவன். ஞாயிறு பள்ளியில் கற்றது, இன்றும் நம்புகிறேன். பிலிப்பியருக்குக் கடிதம் எழுதியபோது பவுல் காவலில் இருந்தார். ஆனாலும் அந்தக் கடிதம் முழுக்கச் சந்தோஷம். எந்தக் காவலனாலும் பூட்ட முடியாத ஓர் இடம் மனுஷனுக்குள் உண்டு என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் இதே விசுவாசத்தை வேறொருவர் வாயில் கேட்கும்போது நெஞ்சு பதறுகிறது. ஞானஸ்நானம் கொடுத்தால் அடிமைகள் விடுதலை கேட்பார்களோ என்று அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்த ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் பயந்தார்கள். 1727இல் லண்டன் பேராயர் எட்மண்ட் கிப்சன் அவர்களுக்குக் கடிதம் எழுதி ஆறுதல் சொன்னார்: கிறிஸ்து தரும் விடுதலை பாவத்திலிருந்தும் சாத்தானிடமிருந்தும்தான், ஒருவன் வெளியே எந்த நிலையில் இருக்கிறானோ அந்த நிலை மாறாது. பவுலும் ஏறக்குறைய இப்படித்தான் பேசியிருக்கிறார். ஆனால் பவுல் சங்கிலிக்குள் இருந்து பேசினார். பேராயரோ அதன் மறுமுனையைப் பிடித்திருந்தவர்களுக்கு எழுதினார்.

சுவிசேஷம் பரப்ப 1701இல் தொடங்கிய எஸ்.பி.ஜி. மிஷன் சங்கத்துக்கே பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. 1710இல் இறந்த கிறிஸ்டோபர் காட்ரிங்டன் உயிலில் எழுதிவைத்தவை. அங்கே அடிமைகளின் மார்பில் ‘சொசைட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சூட்டுக்கோலால் பொறித்தார்கள். தென் கரோலினாவில் அதே சங்கத்தின் குருவானவர் பிரான்சிஸ் லெ ஜோ, ஞானஸ்நானம் கேட்டு வந்த அடிமைகளைச் சபை முன்னால் நிறுத்தி ஒரு வாக்குமூலம் வாங்கினார்: எஜமானுக்குக் கீழ்ப்படிவதிலிருந்து தப்பிக்க இதைக் கேட்கவில்லை, ஆத்துமாவின் நன்மைக்காகவே கேட்கிறேன். 1830களில் அடிமைமுறை ஒழிந்தபோது, தோட்டங்களின் அடிமைகளுக்காகச் சங்கம் 8,823 பவுன் இழப்பீடு பெற்றது. அடிமைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சங்கம் சார்ந்திருந்த இங்கிலாந்து திருச்சபையின் பொது மன்றம் மன்னிப்புக் கேட்டது 2006இல்.

இந்தச் சங்கம் நமக்கு அந்நியமல்ல. கால்டுவெல் இடையன்குடியில் ஊழியம் செய்தது இதன் சார்பில்தான். அது நடத்திய பள்ளிக்கூடங்களின் நன்மையைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறைகளாக அனுபவித்திருக்கிறோம். அதனாலேயே இன்னும் வலிக்கிறது.

யோவான் 8ஆம் அதிகாரத்தில், பாவத்துக்கு அடிமையாயிருப்பதைப் பற்றி இயேசு யாரிடம் பேசுகிறார்? ஆபிரகாமின் சந்ததி நாங்கள், எவருக்கும் ஒருபோதும் அடிமையாக இருந்ததில்லை என்று மார்தட்டியவர்களிடம். தாங்கள் சுதந்திரமானவர்கள் என்று நினைத்தவர்களுக்குத்தான் அந்தப் பிரசங்கம். பார்படோஸில் அதை முதலில் கேட்டிருக்க வேண்டியவன் சூட்டுக்கோல் பிடித்தவன். அவன் தன் பாவத்திலிருந்து விடுதலையாகியிருந்தால் கோல் கையிலிருந்து நழுவியிருக்கும். எதிரே நின்றவனின் மார்பு தப்பியிருக்கும். உள்ளே விடுதலை, வெளியே விடுதலை என்று பிரித்துப் பேசவே அங்கே இடமிருந்திருக்காது.

தமிழ்நாட்டின் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் நிற்கிறது. ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பொறுமையையும் ஆத்தும சமாதானத்தையும் பிரசங்கிக்க ஆட்களுக்குக் குறைவில்லை. அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கக் கணக்குப் பார்க்கும் சபைக் கமிட்டியில் யோவான் 8 வாசிக்கப்பட வேண்டும், ஒரு வசனமும் விடாமல். செலவுக்கான தீர்மானத்தை அதற்குப் பிறகு எடுக்கட்டும்.