நடக்க மாட்டாதாரும் நம்ப மாட்டாதாரும்

உதவி வேண்டி வருபவனிடம், 'உன் குறையை மெய்ப்பித்துக் காட்டு' என்று கேட்பது நியாயமா? கேட்டால், உண்மையாகவே குறையுடையவன் தன் மானத்தை இழக்கிறான். கேளாவிட்டால், பொய்யன் புகுந்து உரியவனுடைய பங்கைக் கவர்ந்து செல்கிறான். தருமம் என்னும் சொல் தோன்றிய நாள்தொட்டு மனிதனைத் தொடர்ந்துவரும் சங்கடம் இது. அன்னசத்திரத்தின் வாயிலிலும் ஆஸ்பத்திரியின் திண்ணையிலும் இக்கேள்வியைக் கண்டிருக்கிறோம். இன்று அது நாம் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில், உல்லாசத்திற்கென்றே அமைந்த ஒரு பூங்காவில், மின்சார வண்டி வாடகைக்கு விடும் கொட்டகையின் முன்னே வந்து நிற்கிறது. அற்ப விஷயமென்று தள்ளிவிடாமல் அன்பர்கள் இதனைச் சற்றே ஊன்றி நோக்க வேண்டுகிறோம்.

அமெரிக்க நாட்டின் புளோரிடா மாகாணத்தில் 'வால்ட் டிஸ்னி வேர்ல்ட்' என்றொரு கேளிக்கை நகரம் உண்டு. 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் திறக்கப்பட்ட அது, ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர் நிலத்தில் பரந்து கிடக்கிறது. அதனுள் நான்கு பெரும் பூங்காக்கள். அவற்றுள் 1982இல் திறக்கப்பட்ட எப்காட் என்பதில், ஓர் ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் மாளிகைகளை மாதிரியாக எழுப்பியிருக்கின்றனர். அந்த ஏரிக்கரைப் பாதையை ஒருமுறை சுற்றிவரவே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். கோடைகாலத்து வெயிலோ நம் நாட்டு வெயிலுக்கு இளைத்ததன்று. காலை முதல் இரவுவரை நடந்தும், வரிசையில் நின்றும் களைத்துப்போவது திடகாத்திரமுள்ள வாலிபருக்கும் இயல்பே. மூட்டுவாதமுடைய பாட்டிக்கும் இருதய நோயுடைய தகப்பனாருக்கும் அது ஆகாத காரியம்.

ஆகவே பூங்காவினுள் வண்டிகளை வாடகைக்கு விடுகின்றனர். பிறர் தள்ளிச் செல்லும் சக்கர நாற்காலியும் உண்டு. மின்கலத்தின் விசையால் ஓடும் ஸ்கூட்டர் வண்டியும் உண்டு. 2024ஆம் ஆண்டில் முன்னதற்கு நாளொன்றுக்கு 12 டாலர். பின்னதற்கு 65 டாலர், அதன்மேல் திருப்பித் தரப்படும் முன்பணம் 20 டாலர். ஸ்கூட்டர் ஓட்டுபவர் 18 வயது நிரம்பியவராய் இருத்தல் வேண்டும். முந்தி வந்தவர்க்கே வண்டி. முன்கூட்டிச் சொல்லிவைக்க இயலாது. ஆனால் ஒன்றை மாத்திரம் எவரும் கேட்பதில்லை. 'உனக்கு என்ன நோய்?' என்பதே அது.

அந்நாட்டுச் சட்டத்தின் நோக்கமும் இதுவே. 1990ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் கையொப்பமிட்ட உடற்குறையுடையோர் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்டு, 2011 மார்ச் முதல் நடப்புக்கு வந்த விதிகள் இதைத் தெளிவாகக் கூறுகின்றன. சக்கர நாற்காலியிலோ மின்விசை வண்டியிலோ வருபவரிடம், அவருடைய குறை எத்தகையது, எவ்வளவு என்று பொதுவிடங்களை நடத்துவோர் வினவலாகாது என்பதே அவ்விதி.

'இது நல்ல வேடிக்கை! கேள்வி கேட்பாரில்லையென்றால் சோம்பேறிகளெல்லாம் வண்டியேற மாட்டார்களோ?' என்று வினவுவாருமுளர். வண்டியில் வந்தவர் ஒருவர், உணவுச்சாலை வாயிலில் எழுந்து நாலடி நடந்துவிட்டால் போதும். 'பார்த்தாயா, முடவன் நடக்கிறான்!' என்று நகைப்பர்.

இந்த நகைப்பு அறியாமையிற் பிறந்தது. கனடா தேசத்து விஞ்ஞானி ஜார்ஜ் கிளைன் என்பார் 1950களின் தொடக்கத்தில் மின்சாரச் சக்கர நாற்காலியை உருவாக்கியது, இரண்டாவது உலகப் போரிற் காயமுற்றுக் கையுங்காலும் வழங்காமற்போன வீரர்களுக்காக. ஸ்கூட்டர் வண்டியின் வரலாறோ வேறு. 1968இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் ஆலன் தீம் என்பார் அதனை ஆக்கியது, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயுற்ற தம் குடும்பத்தார் ஒருவருக்காக. அந்நோய் உடையவர் ஒரு வேளை நடப்பார். மறு வேளை துவண்டு விழுவார். பத்தடி நடக்க வல்லவர் பத்தாயிரம் அடி நடக்க வல்லவராகார். ஆக, முழுதும் நடக்க இயலாதாருக்கென நாற்காலியும், சிறிது நடக்கவல்லாருக்கென ஸ்கூட்டரும் பிறந்தன. ஸ்கூட்டரை விட்டெழுந்து நாலடி நடப்பவர் ஏமாற்றுக்காரர் அல்லர்; அவ்வண்டி யாருக்காகப் பிறந்ததோ அவரேதான் அவர். கண்ணாற் கண்டதைக்கொண்டு பிறருடைய நோவை அளப்பது, மூடிய குடத்தை வெளியே தடவிப்பார்த்து உள்ளே எவ்வளவு நீரென்று சொல்வதை ஒக்கும்.

நோவை மெய்ப்பிக்கும் அவமானம் இன்னதென்பதை நம் மக்களுக்கு வேறெவரும் வந்து போதிக்க வேண்டுவதில்லை. இருள் பிரியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்ற நம் பாட்டன்மார் அதனை நன்கறிவர். உடம்பு முடியவில்லை என்று சொல்ல வாயெடுத்தவன், கங்காணியின் சந்தேகப் பார்வையையும் கிராணியின் ஏளனத்தையும் தாங்கி, டிரஸ்ஸரிடம் போய் நின்று, தன் காய்ச்சலுக்குச் சாட்சி தேட வேண்டியிருந்தது. அந்தச் சாட்சிக்கு அஞ்சியே காய்ச்சலோடு மரம் சீவப் போனவர் எத்தனை பேரோ! கூலி கொடுப்பவன் அவ்வாறு சோதிப்பதைக் கொடுமையென்று நாம் சொல்வோமாயின், காசு கொடுத்துக் களிக்க வந்தவனை அவ்வாறு சோதிப்பதை நியாயமென்று எங்ஙனம் சொல்வோம்?

நிற்க, மறுபக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. பொய்யர் இல்லையென்பது பொய். 2013ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் பத்திரிகையொன்றில் ஒரு செய்தி வந்தது. செல்வக் குடும்பத்தார் சிலர், உடற்குறையுடைய ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, உறவினர்போல் உடனழைத்துச் சென்று, அவர் பெயரைச் சொல்லி வரிசைகளைத் தாண்டிச் சென்றனராம். ஊரெல்லாம் வெயிலில் காத்துநிற்க, பணமுள்ளவன் பிறனுடைய ஊனத்தையே விலைக்கு வாங்கி வழி பெறுகிறான்! இதைக் கேட்டும் கொதியாத உள்ளம் உள்ளமாகாது. அவன் காத்துநின்றவர்களுக்கு மட்டும் தீங்கு செய்யவில்லை. உண்மையாகவே குறையுடைய ஒவ்வொருவர்மீதும் சந்தேகத்தின் நிழல் விழும்படி செய்துவிட்டான்.

ஆயினும், அச்செல்வன் விரும்பியது யாது? நாற்காலியையா? அன்று. நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருந்த சலுகையை. வரிசையைத் தாண்டும் வழி ஒன்று அதனோடு சேர்ந்திருந்ததாலன்றோ அவனுக்கு அந்த ஆசை பிறந்தது? இங்கேதான் இவ்விவாதத்தின் முடிச்சு இருக்கிறது. நடக்க இயலாமைக்கு ஈடாவது நடை. நின்று காத்திருக்க இயலாமைக்கு ஈடாவது, உட்கார்ந்து காத்திருக்கும் வசதி. அதற்கு மேலாகப் பிறரினும் முந்திப் போகும் உரிமையை அதனோடு கட்டிக் கொடுத்தால், உதவி பரிசாகிவிடுகிறது. பரிசு இருக்குமிடத்திற் பொய்யன் வருவான். பொய்யன் வந்தால் காவலன் வருவான். காவலன் வந்தபின் உண்மையாகவே நோயுற்றவன் தலைகுனிந்து நிற்பான். ஆகவே உதவியை மறைத்துப் பூட்டுவது மருந்தன்று. உதவியோடு ஒட்டிய பரிசைக் கழற்றி எறிவதே மருந்து. அதனைக் கழற்றியபின் சோதனைக்கே பெரும்பாலும் வேலையில்லை.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. அச்செய்தி வந்த அதே ஆண்டு அக்டோபரில் டிஸ்னி பூங்காக்காரர் பழைய முறையை மாற்றினர். குறையுடையவர் உடனே உள்ளே போவதற்குப் பதிலாக, அப்போது வரிசை எவ்வளவு நீளமோ அதற்கேற்ப ஒரு நேரம் குறித்துத் தரப்படும். அந்நேரம்வரை நிழலில் அமர்ந்து காத்திருந்து வரலாம். காலத்தில் எல்லாரும் சமம். நிற்கும் துன்பம் மட்டும் இல்லை. புதிதாகக் கட்டும் கேளிக்கைகளிலோ வரிசைப் பாதையையே அகலமாக்கி, சக்கர வண்டியும் மற்றவர்களோடு அதே வழியிற் செல்லுமாறு அமைத்தனர். பாதையை நான்கு சாண் அகலமாக்கிய கொத்தனார், நூறு காவலர் செய்யமுடியாத நீதியைச் செய்துவிட்டார்!

பின்னும் சந்தேகம் தீரவில்லை போலும். 2024இல் அவர்கள் வாயிலை மீண்டும் குறுக்கி, நேரம் குறித்துத் தரும் அவ்வுதவி பெரும்பாலும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறையுடையோருக்கே என்று வரையறுத்தனர். அதனால் வெளியே நிறுத்தப்பட்ட வேறு நோயாளிகள் பலர் முறையிட்டனர். வாயிலைக் குறுக்கும்போது பொய்யன் மட்டும் வெளியே நிற்பதில்லை. விளக்கிச் சொல்லத் தெரியாத மெய்யனும் அவனோடு நிற்கிறான்.

நம் சிங்கப்பூரும் இதே கேள்வியைப் பாதையில் சந்தித்தது. 2019 நவம்பரில் மின்சார ஸ்கூட்டர்கள் நடைபாதையினின்று விலக்கப்பட்டபின், நடக்கவல்லோர் சிலர் நோயாளருக்கான வண்டிகளில் ஏறி விரைவது பெருகியதாக முறையீடுகள் எழுந்தன. 2024இல் அரசு ஏற்ற பரிந்துரைகளுள் இரண்டு இங்கே குறிப்பிடத்தக்கன. ஒன்று, அவ்வண்டிகளின் வேகத்தை மணிக்கு 10 கிலோமீட்டரிலிருந்து 6 கிலோமீட்டராகக் குறைப்பது. மற்றொன்று, ஸ்கூட்டர் வகை வண்டிகளைப் பயன்படுத்துவோர் மருத்துவச் சான்று பெறுவது. நடைபாதையிற் செல்லும் கிழவியின் உயிரும் உயிரன்றோ? ஆகவே கட்டுப்பாடு வேண்டுமென்பதில் ஐயமில்லை. எனினும் இவ்விரண்டனுள் முன்னதே சிறந்ததென்பது நம் கருத்து. மனிதன் விரைந்து நடக்கும் வேகத்திலேயே வண்டி செல்லுமாயின், விரைய விரும்புபவனுக்கு அதில் என்ன லாபம்? அவன் தானே இறங்கிப் போவான். பின்னதோ, மூட்டு தேய்ந்த முதியவரை இன்னுமொரு சீட்டுக்காக அலைய வைக்கிறது.

இனி, வாடகைப் பணத்தைப்பற்றி ஒரு வார்த்தை. வண்டியை இலவசமாய்த் தரும் கடமை பூங்காக்காரருக்கு அமெரிக்கச் சட்டப்படி இல்லை. சக்கர நாற்காலி ஒருவனுடைய சொந்தப் பொருள் என்பது சட்டத்தின் வாதம். ஆனால் அறத்தின் வாதம் அதனோடு நிற்பதன்று. கால் தளர்ந்தது இயற்கையால்; ஆனால் அத்தனை தூரத்தை உண்டாக்கியது பூங்காக்காரரன்றோ? வாயிற் சீட்டுக்கு எல்லாரையும்போல் பணங்கொடுத்தவன், அதே இன்பத்தை அடைய மேலும் 65 டாலர் கொடுக்கவேண்டுமாயின், நோய்க்கு வரி விதித்ததுபோலன்றோ ஆகிறது? உள்ளவன் கொடுப்பான், இல்லாதவனுடைய தாய் வாயிலருகே ஒரு பலகையில் அமர்ந்து, பேரப்பிள்ளைகள் திரும்பிவரும் வழியையே பார்த்திருப்பாள். வாடகையைக் குறைப்பதும், வழியெங்கும் நிழலும் இருக்கையும் அமைப்பதும் அவர்கள் கடமை. இருக்கை மிகுந்தால், வெறும் களைப்புக்காக வண்டி தேடுவோரும் குறைவர்.

இத்தனை செய்தபின்னும் ஒரு பொய்யன் எஞ்சுவான். நல்ல காலிருந்தும் சொகுசுக்காகக் கடைசி வண்டியை எடுத்துச் செல்வான். பின்னால் வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். அவனைப் பிடிக்கச் சட்டத்தால் இயலாது. அவன் மனச்சாட்சியே பிடிக்க வேண்டும். அவனுக்கு நாம் சொல்வது இதுவே: நீ எடுத்தது வண்டியன்று, பிறனுடைய கால். அவனைக் கண்டு கொதிப்போருக்கும் ஒன்று சொல்வோம். பத்துப் பேரில் ஒருவன் பொய்யனாயின், உங்கள் ஏளனப் பார்வை ஒன்பது மெய்யரைச் சுட்ட பிறகே அவனிடம் போய்ச் சேருகிறது. அவனையோ அது சுடுவதுமில்லை, ஏனெனில் அவனுக்கு வெட்கமில்லை. ஏமாற்றப்படுவதால் நாம் இழப்பது சிறிது நேரமும் சிறிது பொருளும். நம்பாமையால் மெய்யன் இழப்பது மானம். இவ்விரண்டில் எது பெரிதென்று தோழர்கள் தாமே எடைபோட்டுக் கொள்க.