சிக்கனமும் ஒப்புரவும்: பெருநகர வாழ்வு எழுப்பும் ஓர் அறவினா

சிக்கனம் ஓர் ஒழுக்கமாகவே பொதுவாகப் போற்றப்பட்டு வந்துள்ளது. பாடசாலைக் கட்டுரை முதல் சேமிப்பு வங்கியின் சுவரொட்டி வரை அதன் சிறப்புப் பேசப்படுகின்றது. ஆயினும், செலவழிப்பதற்குப் பொருளில்லாதவன் செலவழியாதிருத்தல் அறமாகுமா என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. உணவு கிடையாதவன் உண்ணாதிருப்பதை எவரும் நோன்பு என்பதில்லை. அவ்வாறாயின், குறைந்த வருவாயுடன் விலைமிகுந்த நகரொன்றிற் குடியேறுபவன் மேற்கொள்ளும் சிக்கனத்துக்கு அறவியலில் இடமுண்டா? உண்டெனின், அது எத்தகையது? இதனைக் கொழும்பு நகரை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வது பொருத்தமாகும். இலங்கைத் தமிழ் இளைஞர் பல தலைமுறைகளாக இவ்வினாவை வாழ்விலேயே எதிர்கொண்ட இடம் அந்நகர்.

காங்கேசன்துறை வரையிலான புகையிரதப் பாதை 1905 ஆம் ஆண்டில் நிறைவெய்தியமை, அரசாங்க எழுதுவினைஞர் பதவியை நாடிய வடபகுதி இளைஞருக்குத் தலைநகரை அண்மைப்படுத்திற்று. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் அவ்வழி மேலும் எளிதாயிற்று. மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் கடைச் சிப்பந்திகளாகவும் தொழிலாளராகவும் வந்தோர் பலர். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் உத்தியோகத்தர் சிலர் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையற்காரர் ஒருவரை அமர்த்தி, மாதமுடிவிற் செலவைப் பங்கிட்டு வாழ்ந்தனர். இன்று வருவோர் கணினி நிறுவனத்துக்கோ, தனியார் கம்பனிக்கோ, தொழிற்கல்விக்கோ வருகின்றனர். தொழில் மாறினும் நிலை பெரிதும் மாறவில்லை. முதற் சம்பளம் கைக்கு வருமுன்பே வீட்டுச் சொந்தக்காரர் பல மாத வாடகையை முற்பணமாகக் கேட்கின்றார். அம்முற்பணம் பெரும்பாலும் ஊரில் ஒருவரின் நகையை அடைவு வைத்தே வருகின்றது. நகரில் ஒருவன் செலவழிக்கும் முதற்பணமே பிறரிடம் பட்ட கடனாக இருத்தல் பின்வரும் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தியாகும்.

ஊரைவிட நகரில் விலை கூடுதல் என்பதோடு வேறுபாடு முடிந்துவிடுவதில்லை. ஊரில் விலையே இல்லாதிருந்த பொருள்கள் நகரில் விலைபெறுகின்றன. வேலிக்கு மேலாக அயலவர் நீட்டும் முருங்கையிலை, முற்றத்துக் கறிவேப்பிலை, கோடியிற் காய்க்கும் தேசிக்காய், கிணற்று நீர் ஆகிய யாவும் கொழும்பில் பணமாகின்றன. ஜேர்மானியச் சமூகவியலாளர் கேயோக் சிம்மல் 1903 ஆம் ஆண்டில் பெருநகரையும் மனிதனின் உளவாழ்வையும் பற்றி எழுதிய கட்டுரையில், பணம் எப்பொருளையும் 'எவ்வளவு' என்ற ஒரே வினாவுக்குள் ஒடுக்கிவிடுகின்றது என்றும், நகரவாசியின் மனம் இடையறாது கணக்கிடும் மனமாக மாறுகின்றது என்றும் விளக்கினார். அக்கணக்கு மனம் வசதியுள்ளவனுக்கு ஒரு பழக்கமாகவே அமையும். குறைந்த வருவாயுடையவனுக்கோ அது ஓயாத காவலாகின்றது. பஸ்ஸில் போவதா நடந்து போவதா, மதியம் சோற்றுப் பார்சலா பாணும் பருப்பும் போதுமா என்பன அவனுக்கு நாள்தோறும் தீர்க்கவேண்டிய வழக்குகள்.

இங்கு ஒரு கசப்பான உண்மை புலனாகின்றது. ஊரில் விருந்தோம்பல் எளிது; உலையில் ஒரு பிடி அரிசி கூட்டினால் போதும், படுக்கத் திண்ணை உண்டு. அதே மனிதன் நகரில் ஒற்றை அறையில் வாழும்போது, ஊரிலிருந்து நேர்முகப் பரீட்சைக்கு வரும் மைத்துனன் மூன்று நாள் தங்கினால், அவன் மாதக் கணக்கே குலைந்துவிடும். அறம் மாறவில்லை, அதன் விலை ஏறியிருக்கின்றது. எனவே, ஊரார் ஈரமுடையர், நகரத்தார் கல்நெஞ்சர் என்ற வழக்கமான ஒப்பீடு நியாயமானதன்று. மலிவாகக் கிடைத்தபோது கடைப்பிடித்த பண்பு, விலை ஏறியபோதும் நிலைக்கின்றதா என்பதே நகரம் வைக்கும் சோதனை.

இச்சோதனையைப் பேசுமுன் ஒரு தடையை நீக்கவேண்டும். சிக்கனத்தைப் பற்றிய அறிவுரை, நீதியைப் பற்றிய கேள்விக்கு மாற்றாகப் பயன்படுத்தப்படுவதுண்டு. 2022 ஏப்பிரலில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி விலைவாசி ஓராண்டில் 69.8 சதவீதமும், உணவு விலை 94.9 சதவீதமும் உயர்ந்திருந்தன. முந்திய ஆண்டில் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா தேவைப்பட்டபோது, சம்பளம் மாறாதவனின் தட்டு பாதியாயிற்று. அவன் முன்பு ஊதாரியாக இருந்ததால் இது நேரவில்லை. இனிச் சிக்கனமாக இருப்பதால் தீரப்போவதுமில்லை. அத்தகைய காலத்தில் குறைத்து உண்ணுமாறு ஏழைக்கு உபதேசிப்பது, பொதுப்பொறுப்பைத் தனிமனிதனின் வயிற்றின்மீது சுமத்துவதாகும். சிக்கனம் தனிவாழ்வின் ஒழுங்காகலாம்; சமுதாயத்தின் குறைக்கு அது பரிகாரமாகாது.

அடுத்து, தேவை எது, ஆடம்பரம் எது என்ற வினா எழுகின்றது. பொருளியலறிஞர் அடம் சிமித் 1776 இல் வெளியிட்ட நூலில், உயிர்வாழ்வதற்கு வேண்டியவை மட்டும் தேவைகளல்ல என்றார். பண்டைய கிரேக்கரும் உரோமரும் லினன் துணியின்றிச் சுகமாக வாழ்ந்தனராயினும், தமது காலத்து ஐரோப்பாவிற் கூலித்தொழிலாளியும் லினன் சட்டையின்றிப் பொதுவிடத்தில் தோன்ற நாணுவான் என்று அவர் எடுத்துக்காட்டினார். கந்தோர் உத்தியோகத்தனின் தேய்த்த சட்டை அவ்வகையினது. இன்று கைத்தொலைபேசியும் அவ்வாறே. 2020 இல் பெருந்தொற்றினால் வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, அது இல்லாத மாணவன் வகுப்பறைக்கு வெளியே நின்றவனுக்கு ஒப்பானான். ஆகவே, வறியவன் கையிலுள்ள தொலைபேசியைச் சுட்டி அவன் வறுமையை ஐயுறுவது அறியாமை. ஆயினும் எல்லை ஒன்றுண்டு. பிறர்முன் நாணாது நிற்பதற்கான செலவு தேவையின்பாற்படும். பிறரை நாணச் செய்வதற்கான செலவு ஆடம்பரத்தின்பாற்படும். பொருள் ஒன்றாகவே இருப்பினும் நோக்கம் அதனை இடம்மாற்றிவிடும்.

இனி, சிக்கனத்தின் உட்பொருளைத் திருக்குறளின் துணைகொண்டு நோக்கலாம். வருவாயின் அளவறிந்து வாழ்தல் பற்றிய கருத்துகளை வள்ளுவர் துறவறத்திலோ புலனடக்கத்திலோ வைக்கவில்லை. பொருட்பாலில் 'வலியறிதல்' என்ற அதிகாரத்தில் வைத்துள்ளார். பகைவன் வலியையும் தன் வலியையும் தூக்கிப் பார்த்துச் செயலில் இறங்குமாறு அரசனுக்குக் கூறும் அவ்வதிகாரமே, வரவு சிறிதாயினும் செலவு பெருகாவிடிற் கேடில்லை என்கின்றது. தன்னிடமுள்ள அளவை ஆராயாது செய்யும் ஒப்புரவு செல்வத்தை விரைந்து கெடுக்கும் என்றும் எச்சரிக்கின்றது. சிக்கனம் இங்கு தன்னை ஒறுத்தலாகக் கொள்ளப்படவில்லை. தன் ஆற்றலைப் பற்றிய மெய்யறிவாகக் கொள்ளப்படுகின்றது. ஆனால் 'ஒப்புரவறிதல்' அதிகாரமோ, வளம் சுருங்கிய காலத்திலும் கடமையறிந்தோர் ஒப்புரவிலே தளரார் என்கின்றது. மேலும், நற்பண்புடையவன் வறுமை எய்தினான் என்பது, செய்யவேண்டிய உதவியைச் செய்யவியலாது வருந்துதலே என்றும் வரையறுக்கின்றது.

இவ்விரண்டும் முரண்படுவனபோலத் தோன்றும். முதலாவது பொருளின் அளவைப் பற்றியது. இரண்டாவது மனத்தின் தளர்வைப் பற்றியது என்று கொண்டால் முரண் நீங்கும். கொடையை அதன் தொகையால் அளக்காது, கொடுப்பவனின் உடைமையோடு ஒப்பிட்டே அளக்கவேண்டும் என்ற அரிஸ்டோட்டிலின் கருத்தும் இதனோடு ஒத்துச்செல்கின்றது. இவ்வடிப்படையில் நகரவாசியின் சிக்கனத்துக்கு ஓர் உரைகல் கிடைக்கின்றது: குறைக்கப்பட்டது எவருடைய பங்கு? தன் பங்கைத் தானறிந்து குறைப்பவன் சிக்கனக்காரன். பிறர் பங்கைக் குறைத்துத் தன் கணக்கை நேர்செய்பவன் உலோபி. நண்பர் நால்வர் தேத்தண்ணீர் குடிக்கையில் எந்நாளும் பணம் கொடாதிருப்பவன், சமையற்காரருக்குரிய கூலியை அடுத்த மாதத்துக்குத் தள்ளுபவன், பெருங்கடையில் ஒட்டிய விலையைப் பேசாது கொடுத்துவிட்டு நடைபாதையில் கீரை விற்கும் ஆச்சியிடம் பத்து ரூபாவுக்கு வாதாடுபவன் ஆகியோர் சிக்கனத்தின் பெயரால் வலியோரை விட்டு மெலியோரிடம் வரி அறவிடுகின்றனர். இதற்கு மாறாக, பலர் கூடிக் கட்டும் சீட்டு, நாணயத்தின்மீது நிற்கும் சிக்கனமாகும். தன் முறை முடிந்தபின்னரும் ஒருவன் தவறாது கட்டுவதனாலேயே அடுத்தவன் முறை காக்கப்படுகின்றது.

உண்மை பேசுதலும் இவ்விடயத்தோடு நெருங்கிய தொடர்புடையது. தொலைபேசியில் தாய் "சாப்பிட்டியா?" என்று கேட்க, பட்டினியாக இருக்கும் மகன் "ஓம் அம்மா" என்கின்றான். அவள் உறக்கத்தைக் காக்கும் அச்சொல்லை எவரும் கடிந்துரைக்கமாட்டார். ஆனால் அதே மறைப்பு வளர்ந்து, தான் நகரில் வசதியாக வாழ்வதான தோற்றத்தை ஊரில் உண்டாக்குமாயின், விளைவு வேறு. தங்கையின் திருமணச் செலவு அவனுடைய கற்பனைச் சம்பளத்தை நம்பியே திட்டமிடப்படும். அயல்வீட்டு இளைஞனும் அக்கதையை நம்பி, போதிய ஆயத்தமின்றிக் கொழும்புக்குப் புறப்படுவான். வலியறிதல் என்பது தன் வலியைத் தான் அறிதலோடு அமையாது. தன்னை நம்பியிருப்போர் அதனை அறியச் செய்தலையும் உள்ளடக்கும். வாடகை எவ்வளவு, மாதமுடிவில் எஞ்சுவது எவ்வளவு என்று பின்வருவோனுக்கு ஒளிக்காது கூறுதல், பணமில்லாதவனும் செய்யத்தக்க ஒப்புரவு.

ஆயினும் இதனைக் கொண்டு, பணமின்றியே எல்லாக் கடமையையும் நிறைவேற்றலாம் என ஆறுதல் கொள்வது பொய்யாகும். தந்தையின் மருந்துக்கு நற்சொல் விலையாகாது. சில கடமைகள் பணத்தாலன்றி நிறைவேறா; அவற்றைச் செய்ய இயலாதவனின் வருத்தம் நீக்கப்படவேண்டிய பலவீனமன்று. அவ்வருத்தம் இருக்கும்வரை அவன் உலோபியாகவில்லை என்பது உறுதி. எதிர்ப்புறத்திலும் ஒரு பிழை உண்டு. உழைத்ததனைத்தையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, பாணும் வெறுந்தேத்தண்ணீருமாக உடலைக் கெடுத்துக்கொள்பவன் தியாகியெனப் புகழப்படுகின்றான். அவன் நோயுறும் நாளில், அவனை நம்பியிருந்தோர் அனைவரும் வீழ்கின்றனர். பங்கிடும்போது தன்னையும் ஓர் ஆளாக எண்ணுதல் தன்னலமாகாது; அளவறிதலின் ஒரு கூறே அது.

எனவே, வறுமை திணிக்கும் சிக்கனம் தன்னளவில் அறமுமன்று, இழிவுமன்று. அது ஒரு நிலைமை. அந்நிலைமையில் எதனை முதலில் வெட்டுவது, எதனை இறுதிவரை வெட்டாதிருப்பது என்று ஒருவன் செய்யும் தெரிவிலேயே அறம் தொடங்குகின்றது. வருவாய் உயர்ந்தபின் கொடுக்கலாம் என்று ஒப்புரவை முதலில் வெட்டியவனுக்கு, வருவாய் உயர்ந்த பின்னரும் அந்தப் பழக்கமே மிஞ்சும். மைத்துனன் வந்து தங்கிய மூன்று நாளையும் கணக்கில் இட்டு, தன் செலவில் வேறொன்றைக் குறைத்து, அவனிடம் தன் நிலையையும் மறைக்காது கூறி, மூன்றாம் நாள் பஸ் ஏற்றி அனுப்புபவன் நகரின் விலையைக் கொடுத்துவிட்டான். ஆனால் தன்னை விலையாகக் கொடுக்கவில்லை.