விளையாட்டுக் கருவியும் விளையாடும் மனிதனும்

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்புப் பணியாற்றும் இளைஞர் ஒருவர் அருகில் வந்தார். ஒரு காலத்தில் என்னிடம் தமிழ் பயின்றவர். இன்று இரண்டு குழந்தைகளின் தந்தை. "ஐயா, ஒன்று கேட்க வேண்டும், சிரிக்கக் கூடாது" என்று தயங்கினார். சிறுவயதில் ஆடிய வீடியோ விளையாட்டுகளை மீண்டும் ஆடுவதற்கு ஒரு கையடக்கக் கருவி வாங்க விரும்புகிறாராம். எதை வாங்குவது என்று பல நாள்களாகக் குழப்பமாம்.

"தமிழாசிரியரிடம் கேட்கும் கேள்வியா இது, தம்பி?" என்றேன்.

"எது விலை குறைவு, எதன் திரை பெரிது என்பதெல்லாம் எனக்கே தெரியும் ஐயா. எது நல்லது என்பதுதான் தெரியவில்லை" என்றார்.

அந்தச் சொல் வீடு வரை என்னைத் தொடர்ந்து வந்தது. 'நல்லது' என்பதை நாம் இரு பொருளில் வழங்குகிறோம். நல்ல கத்தி என்றால் கூரிய கத்தி. ஆனால் நல்ல மனிதன் என்றால் கூரிய மனிதன் என்று பொருளல்ல. கருவியைத் தேர்ந்தெடுக்கப் புறப்படுபவன் முதற்பொருளில் தொடங்குகிறான். தன்னை அறியாமலே இரண்டாம் பொருளுக்குள் வந்து சேர்கிறான்.

அவர் முன் இருந்த வழிகள் மூன்று. முதலாவது, முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட அசல் கருவியொன்றைப் பழைய பொருளாக வாங்கி, ஒவ்வொரு விளையாட்டுக்கும் உரிய கார்ட்ரிட்ஜைத் தேடிப் பொருத்தி ஆடுவது. இரண்டாவது, இன்று சீனாவிலிருந்து மலிவாக வரும் புதிய கருவிகளுள் ஒன்று. இவற்றைப் பல வணிகர்கள் ஆயிரக்கணக்கான பழைய விளையாட்டுகளை மெமரி கார்டில் நிரப்பியே விற்கின்றனர். மூன்றாவது, சட்டைப் பையில் ஏற்கெனவே இருக்கும் செல்பேசி. பழைய கருவிகளைப் போல இயங்கிக் காட்டும் எமுலேட்டர் செயலிகளை ஆண்ட்ராய்டு செல்பேசிகள் நெடுங்காலமாகவே ஏற்று வந்தன. 2024 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனமும் தன் செயலிக் கடையில் அவற்றுக்கு இடமளித்தது. அவ்வகைச் செல்பேசிகள் அவர் வேலைக்குச் செல்லும் வழியிலுள்ள சுங்குவார்சத்திரத்திலேயே பொருத்தப்படுகின்றன.

பழைய கருவி என்றால் என்ன என்பதை இந்தத் தொழில் வட்டார மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1997-இல் நோக்கியா செல்பேசியில் அறிமுகமான பாம்பு விளையாட்டை ஆடாத இளைஞர் அக்காலத்தில் அரியர். அந்த நோக்கியாவின் ஆலை 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. உலகின் பல நாடுகளுக்கு இங்கிருந்து செல்பேசிகள் சென்றன. 2014 நவம்பர் 1-ஆம் நாள் அதன் உற்பத்தி நின்றது. 2019-இல் சால்காம்ப் என்னும் மற்றொரு நிறுவனம் அந்த ஆலையை வாங்கியது. நேற்றுப் புதியதாக இருந்தது இன்று பழையதாகிவிடும் என்பதை இம்மண் தன் பிழைப்பிலேயே கண்டிருக்கிறது.

குடும்பப் பொறுப்புள்ள ஒருவர் விளையாட்டைப் பற்றி எண்ணுவதே வீண் என்று சிலர் கருதலாம். புனித தோமா அக்குவினார் அவ்வாறு கருதவில்லை. உடல் உழைத்தால் ஓய்வு தேடுவதுபோல் உள்ளமும் ஓய்வு தேடும். அந்த ஓய்வு மகிழ்ச்சியில் கிடைக்கும். எனவே அளவறிந்து விளையாடுவது ஒரு நற்பண்பே என்று தமது 'இறையியல் தொகுப்பு' நூலில் அவர் நிறுவுகிறார். நற்செய்தியாளர் யோவானைப் பற்றிய பழைய கதையொன்றையும் அங்கே எடுத்தாள்கிறார். அவர் விளையாடுவதைக் கண்டு முகம் சுளித்தவரிடம், வில்லை எந்நேரமும் நாணேற்றியே வைத்தால் அது முறிந்துபோகாதா என்று அவர் உணர்த்தினாராம். இரவுப் பணியும் பகற்பணியும் மாறிமாறி வரும் தொழிலாளிக்கு இந்த உவமையின் பொருள் எளிதில் விளங்கும்.

ஆகவே விளையாடலாமா என்பதன்று கேள்வி. நாணைத் தளர்த்தும் கருவி எது, புதிதாக மற்றொரு நாணை ஏற்றிவிடும் கருவி எது என்பதே கேள்வி.

1990-களில் பர்மா பஜாரிலும் ஊர்த் திருவிழாக் கடைகளிலும் 'பிரிக் கேம்' என்றொரு கருவி விற்றதை வாசகர் பலர் நினைவுகூர்வர். அதன் அட்டையில் '9999 விளையாட்டுகள்' என்று அச்சிட்டிருக்கும். உண்மையில் உள்ளே இருந்தவை விரல்விட்டு எண்ணத்தக்க சில விளையாட்டுகளே. வேகத்தையும் நிலையையும் மாற்றிமாற்றி எண்ணிக்கையைப் பெருக்கியிருந்தனர். அன்று அந்த எண் பொய்யாக இருந்ததால் பிள்ளைகள் பிழைத்தனர். இருந்த ஒன்றிரண்டையே திரும்பத் திரும்ப ஆடித் தேர்ந்தனர். இன்று அந்த எண் மெய்யாகிவிட்டது. ஆயிரம் விளையாட்டுகள் உள்ள கருவியைக் கையில் எடுப்பவர் ஒன்றைத் திறக்கிறார், இரண்டு நிமிடத்தில் மூடுகிறார், அடுத்ததைத் திறக்கிறார். ஆடும் நேரம் தேடும் நேரமாகிவிடுகிறது. செல்பேசியிலோ, ஆட்டத்தின் நடுவே மேற்பார்வையாளரின் செய்தியும் கடன் தவணை நினைவூட்டலும் வந்து நிற்கும். கோயில் மண்டபத் தரையில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு கீறிய நம் முன்னோர் ஒரே கட்டத்தில் வாழ்நாள் முழுதும் ஆடினர். ஆட்டம் அவர்களுக்குச் சலிக்கவில்லை. எதிரே அமர்ந்தவர் மாறிக்கொண்டே இருந்தார்.

குறைவில் ஒரு நன்மை உண்டு என்பதைக் கருவி செய்தவர்களே அறிந்திருந்தனர். குன்பெய் யோகோய் என்னும் ஜப்பானியர் 1965-இல் நிண்டெண்டோ நிறுவனத்தில் சேர்ந்தபோது அது விளையாட்டுச் சீட்டுகள் செய்யும் தொழிற்கூடமாக இருந்தது. நம் இளைஞரைப் போலவே அவருக்கும் இயந்திரப் பராமரிப்பே வேலை. ஓய்வு நேரத்தில் அவர் செய்து வைத்திருந்த நீளும் கை பொம்மையை நிறுவனத் தலைவர் கண்டு, அதை விற்பனைப் பொருளாக்கினார். புத்தம் புதிய தொழில்நுட்பத்தைத் துரத்தாமல், முதிர்ந்து மலிந்துவிட்ட தொழில்நுட்பத்துக்குப் புதுப் பயன் காண்பதே யோகோயின் கொள்கை. அவர் தலைமையில் 1989-இல் வெளிவந்த 'கேம் பாய்' வண்ணமற்ற திரையுடையது. நான்கு மின்கலங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. 1990-இல் வந்த சேகா நிறுவனத்தின் 'கேம் கியர்' வண்ணத்திரை உடையது. ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கேம் கியர் ஒரு கோடியை ஒட்டி விற்றது. கேம் பாயும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து ஏறத்தாழ 12 கோடி விற்றன.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மெமரி கார்டில் நிரம்பியுள்ள ஆயிரம் விளையாட்டுகள் யாருடைய உழைப்பு? விழும் கட்டங்களை அடுக்கும் 'டெட்ரிஸ்' விளையாட்டை 1980-களின் நடுவில் மாஸ்கோவில் உருவாக்கியவர் அலெக்சி பஜித்னோவ். உலகமே அதை ஆடியது. பிறர் பெரும்பொருள் ஈட்டினர். 1996 வரை அவருக்கு உரிமைத்தொகை கிட்டவில்லை. செய்த வேலைக்குக் கூலி வராத வலி தொழிலாளிக்குப் புதிதன்று. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டமும் 1984-ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் கணினி நிரல்களைக் காத்து வருகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. விற்க ஆளில்லாத பொருளை விலை கொடுத்து வாங்குவது எங்ஙனம்? யாரேனும் படியெடுத்துக் காக்காவிடில் அவை அழிந்தே போகுமே! உண்மைதான். ஆயினும் அழியாமல் காப்பது வேறு, பிறர் உழைப்பை மொத்தமாக அள்ளிக் காசுக்கு விற்பது வேறு. முன்னவர் நூலகத்தார், பின்னவர் வணிகர். இந்த வேறுபாடு சட்டத்துக்கு எவ்வளவு முக்கியமோ அறியேன், மனச்சான்றுக்கு முக்கியம்.

அடுத்த ஞாயிறு இவற்றையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பின்னர் நான், "முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கவில்லை, தம்பி. யாரோடு ஆடுவதற்கு?" என்றேன்.

நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு சொன்னார்: சிறுவயதில் அப்பா பர்மா பஜாரிலிருந்து வாங்கி வந்த பிரிக் கேம் வீட்டுக்கு ஒன்றுதான். அண்ணன் தோற்றால் தம்பி கைக்கு வரும். தம்பி தோற்றால் அண்ணன் கைக்குப் போகும். அப்பா மறைந்தபின், தொழிற்சாலைகளால் விலை ஏறிப்போன மனை ஒன்றுக்காக இருவரும் நீதிமன்றம் ஏறினர். நான்கு ஆண்டுகளாகப் பேச்சில்லை.

அவருடைய குழப்பம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆயிரம் விளையாட்டுகளுள் அவர் தேடியது ஒன்றை. அந்த ஒன்றும் எந்த மெமரி கார்டிலும் இல்லை.

சென்ற மாதம் மீண்டும் வந்தார். பழைய கேம் பாய் ஒன்றும், அதில் ஆட டெட்ரிஸ் கார்ட்ரிட்ஜ் ஒன்றும் வாங்கியிருக்கிறாராம். அந்தக் கார்ட்ரிட்ஜ் கருவியை நிறுத்தியதும் பழைய கணக்கை எல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் சுழியத்திலிருந்தே தொடங்கும். அதை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாராம். அண்ணன் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கருவியை வாங்கித் திண்ணையில் அமர்ந்து ஆடினாராம். கட்டங்கள் நிரம்பித் தோற்றதும், முகத்தைப் பாராமலே நீட்டி, "உன் முறை" என்றாராம்.

மனை வழக்கு இன்னும் முடியவில்லை. எந்தக் கருவி நல்லது என்று இனி எவரேனும் கேட்டால், ஒன்று மட்டும் சொல்வேன்: நம் கையை விட்டு அடுத்தவர் கைக்குச் செல்லக்கூடியது எதுவோ, அதை வாங்குங்கள்.