ஆறாயிரம் ரூபாய் சைக்கிள்

கடையில் 18,000 ரூபாய்க்கு விற்கும் கியர் சைக்கிள் ஒன்றை நான் 6,000 ரூபாய்க்கு வாங்கினேன். பழைய பொருட்கள் விற்கும் ஒரு செயலியில் பார்த்தது. மூன்று போட்டோ, 'அர்ஜென்ட் சேல்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். விற்ற பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்றேன். "வேணாம் சார், ஸ்டேஷன் வாசலுக்கு நானே கொண்டாரேன்" என்றான். கியரை எப்படி மாற்றுவது என்று கேட்டதற்கு எதையோ அழுத்திப் பார்த்துவிட்டு, "இப்படித்தான் சார் ஏதோ" என்றான். பணத்தை மட்டும் கையில் கேட்டான். ஏடிஎம்மில் எடுத்துக் கொடுத்தேன்.

தன் சைக்கிளில் கியர் மாற்றத் தெரியாத ஒருவன். விஷயம் எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. பில் இருக்கா, எப்போது வாங்கியது, ஏன் விற்கிறாய் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும், பதில் வந்தால் வாங்க முடியாது. அதனால் கேட்கவில்லை. ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதும் ஒரு செயல்தான் என்பது அன்றைக்கு என் புத்திக்கு எட்டவில்லை.

நம்மிடம் தயாராகச் சில சமாதானங்கள் உண்டு. நான் வாங்காவிட்டால் இன்னொருத்தர் வாங்குவார். தொலைத்தவர் இந்நேரம் புதுசு வாங்கியிருப்பார். சரிபார்க்க வேண்டியது செயலி நடத்துபவர்களின் வேலை. இதில் முதல் சமாதானம்தான் பலமானது, ஏனென்றால் அது பாதி உண்மை. அந்த ஒரு சைக்கிளைப் பொறுத்தவரை நான் விலகியிருந்தால் ஒன்றும் மாறியிருக்காது. ஆனால் அடுத்த சைக்கிள்? திருடுகிறவன் ஓட்டுவதற்காகத் திருடுவதில்லை. ஒன்றும் கேட்காமல் பணம் தர ஒரு ஆள் இருக்கிறான் என்ற நம்பிக்கையில் பூட்டை உடைக்கிறான். அந்த நம்பிக்கையைத் தந்த ஆட்களில் நானும் ஒருவன். மாதச் சம்பளம் வாங்குகிற, கட்டுரை எழுதுகிற ஒருவன்.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்லி வைத்திருக்கிறது. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் 27ஆவது பிரிவின் சாரம், விற்கிறவருக்கு இல்லாத உரிமை பொதுவாக வாங்குகிறவருக்கும் வராது என்பது. அதாவது காசு கொடுத்தாலும் அது என் சைக்கிள் இல்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 411ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 317. 'நம்பக் காரணம் இருந்தோ' என்ற சொற்கள் எனக்காகவே எழுதியதுபோல இருந்தன. கியர் மாற்றத் தெரியாத பையன் எனக்குக் காரணம் இல்லையா?

மோட்டார் சைக்கிள் என்றால் ஆர்சி புத்தகம் கேட்போம். செல்போனுக்குக்கூட 2023இல் 'சஞ்சார் சாதி' வந்தபிறகு, ஐஎம்இஐ எண்ணைப் போட்டுத் தடை செய்யப்பட்டதா என்று பார்த்துவிடலாம். ஜப்பானில் 1994 முதல் சைக்கிளையும் பதிவு செய்தாக வேண்டும். நம் சைக்கிளுக்கு இருப்பது பிரேமில் குத்திய ஒரு எண் மட்டும். பெரும்பாலும் பெடல் அச்சு ஓடும் குழாய்க்கு அடியில் இருக்கும். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் தெரியும். என்னுடையதை நான் கவிழ்த்துப் பார்க்கவே இல்லை.

கவிழ்த்தது ஊரில் வைத்து. வீட்டிலிருந்தே வேலை என்று அலுவலகம் அனுப்பிவிட்ட காலத்தில் சைக்கிளையும் அவலூர்பேட்டைக்கு எடுத்துப் போயிருந்தேன். மேல்மலையனூர் வரை காலையில் மிதித்துவிட்டு வருவேன். செயின் வழுக்க ஆரம்பித்ததும் சைக்கிள் கடைக்குப் போனேன். பள்ளிக்கூட நாளில் எனக்குப் பங்க்சர் ஒட்டித் தந்த அதே அண்ணன்தான். எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். ஊருக்கு வெளியே இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர். கையில் பள்ளியில் இலவசமாகத் தரும் சைக்கிள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களே, அது. விற்க வந்திருந்தார்.

பக்கத்து டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "இன்னாடா, எங்க அட்ச்ச?" மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், என் மனதிலும் அதே கேள்விதான் ஓடியது. ஸ்டேஷன் வாசலில் வராத சந்தேகம் இங்கே உடனே வந்துவிட்டது.

கடைக்கார அண்ணன் மட்டும், "உக்காருங்க. யார் வண்டி?" என்றார்.

"எம்பொண்ணுதுங்க. பன்னண்டு முட்ச்சிட்டா. காலேஜில பீஸ் கட்டணும்."

"பொண்ணுகிட்ட பேசலாமா?"

போன் போட்டுக் கொடுத்தார். அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "பாப்பா, உன் வண்டில உனக்கு மட்டும் தெரிஞ்ச அடையாளம் ஏதாச்சும் இருக்கா?" அவள் சொன்னாள். அண்ணன் சீட்டைக் கழற்றித் திருப்பினார். அடித்தகட்டில் ஆணியால் கீறிய பெயர். போனை ஸ்பீக்கரில் போட்டு, பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி அந்தப் பெயரைப் படித்தார். பிறகு பிரேம் எண்ணை நோட்டில் எழுதி, பக்கத்தில் அப்பாவின் பெயரை எழுதி, பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்தார்.

திருட்டுப் பொருளை வாங்காதீர்கள், விற்பவரைச் சந்தேகியுங்கள் என்று சொல்வது சுலபம். நம் ஊரில் அந்தச் சந்தேகம் யார் மேல் போய் விழும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 1993இல், எங்கள் ஊரும் கம்மாபுரமும் ஒரே தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தபோது, நகைத் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ராஜாகண்ணு உயிரோடு திரும்பவில்லை. குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். வழக்கறிஞர் சந்துரு நடத்திய அந்த வழக்குதான் 2021இல் 'ஜெய் பீம்' படத்துக்கு அடிப்படை ஆனது. 'ஆளைப் பார்த்தாலே தெரியுது' என்ற சொல்லின் தூரம் அவ்வளவு.

நம்முடைய பழைய கதையும் இதுதானே? புது ஊரில் பழைய நகை விற்கப் போனவன் கோவலன். அவனைத் திருடன் என்று காட்டிக்கொடுத்த பொற்கொல்லன்தான் அரசியின் சிலம்பைத் திருடியவன். சிலம்புக்குள் முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அரசன் பொருளைக் கேட்கவில்லை, சொன்ன ஆளை நம்பினான். கண்ணகி வந்து உடைத்தபோது கோவலன் இல்லை.

அண்ணன் செய்தது அந்த அரசன் செய்யாததை. அவர் சந்தேகப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேள்வியை ஆளிடமிருந்து பொருளுக்கு மாற்றிவிட்டார். யார் வந்து விற்றாலும் இதையேதான் கேட்பார் என்பதால் அதில் அவமானம் இல்லை. கேட்காமல் வாங்கியிருந்தால்கூட அந்த அப்பாவுக்கு நல்லது நடந்திருக்காது. பெஞ்சு சொன்னதே ஊரில் நின்றிருக்கும்.

அடுத்து என் முறை. சைக்கிளைக் கவிழ்த்தார். பழக்கதோஷத்தில் துணியால் குழாயின் அடிப்பக்கத்தைத் துடைத்தார். எண் இருக்க வேண்டிய இடம் அரத்தால் ராவி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மெட்ராஸ்ல வாங்குனியா தம்பி?"

"ஆமாண்ணா."

அதற்கு மேல் கேட்கவில்லை. செயினைச் சரி பண்ணிக் கொடுத்தார். டீக்கடை பெஞ்சிலிருந்தும் சத்தம் வரவில்லை. என்னிடம் யாரும் எங்கே அடித்தாய் என்று கேட்கவில்லை. அங்கே இருந்ததில் திருட்டு வண்டி என்னுடையது ஒன்றுதான்.

அன்று இரவு பழைய விளம்பரத்தைத் தேடினேன். அந்தக் கணக்கே இல்லை. எண்ணும் இல்லாததால் சொந்தக்காரரைத் தேட வழியில்லை. விற்றுவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. விற்றால் நான்தான் அந்த ஸ்டேஷன் வாசல் பையன். சென்னை திரும்பியதும் ஒரு காவல் நிலையத்தில் சைக்கிளை ஒப்படைத்து, நடந்ததை எழுதிக் கொடுத்தேன். நாற்காலி போட்டார்கள். "உங்கள மாதிரி படிச்சவங்க கொஞ்சம் பாத்து வாங்கணும் சார்" என்றார் எழுத்தர். எண் ராவிய அந்த சைக்கிளை அந்த அப்பா உருட்டிக்கொண்டு போய் இதே கதையைச் சொல்லியிருந்தால்? அந்த நாற்காலியில் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. உட்கார்ந்துதான் எழுதினேன்.

செயலி எழுதுவது என் தொழில். விளம்பரப் படிவத்தில் 'பிரேம் எண்' என்று ஒரு பெட்டியைச் சேர்த்து அதைக் கட்டாயமாக்குவது பெரிய வேலையே இல்லை. பெட்டி வந்தால் பொய் எண்ணும் வரும், தெரியும். ஆனால் நேரில் கவிழ்த்துப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கும். எல்லோரிடமும் ஒரே கேள்வி என்றாகிவிடும். பெட்டி வரும்வரை நாமே கேட்க வேண்டியதுதான்.

இப்போது என்னிடம் இருப்பதும் பழைய சைக்கிள்தான், செயலியில் பார்த்து வாங்கியதுதான். விற்றவருக்கு முதலில் என் பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் சொன்னேன். பிறகு பிரேம் எண்ணின் போட்டோ கேட்டேன். "என்ன சார், திருட்டு வண்டின்னு நெனச்சிட்டீங்களா?" என்றார். "எல்லார்கிட்டயும் கேப்பேங்க, நான் விக்கும்போதும் காட்டுவேன்" என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அரை மணி கழித்து எண்ணின் போட்டோ வந்தது. கூடவே நான் கேட்காத பில்லும் வந்தது. விலை 9,500. குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை.