யாருடைய மான்?

ஓர் உயிரிடம் கொண்ட கருணை மற்றோர் உயிருக்குக் கொடுமையாக முடிந்தால் அதைக் கருணை என்று சொல்ல முடியுமா? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு வடக்கே உள்ள கைபாப் பீடபூமியில் நூறாண்டுகளுக்கு முன் நடந்தவை இந்தக் கேள்வியை எழுப்புகின்றன.

அங்கே வாழ்பவை மியூல் மான்கள். கோவேறு கழுதைக்கு இருப்பது போன்ற பெரிய காதுகளால் அவற்றுக்கு இப்பெயர். 1906-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அந்தப் பகுதியைக் காப்பகமாக அறிவித்தார். மான் வேட்டை நின்றது. மானைத் தின்று வாழும் பிராணிகளுக்கு மட்டும் அபயம் அளிக்கப்படவில்லை. பூமா எனப்படும் மலைச்சிங்கங்களை அரசு வேட்டைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் கொன்றனர்; கயோட்டி என்ற சிறு ஓநாய்களை ஆயிரக்கணக்கில் கொன்றனர். மான்கள் பெருகின. 1924-இல் அவற்றின் எண்ணிக்கை முப்பதாயிரம் என்று சிலரும் லட்சம் என்று சிலரும் மதிப்பிட்டனர். மொட்டையாக நின்ற இளமரங்களும் எலும்பும் தோலுமாகத் திரிந்த மான்களும் எல்லோர் கண்ணிலும் பட்டன. அடுத்து வந்த குளிர்காலங்களில் பெரும்பகுதி பட்டினியால் மடிந்தது.

1924 டிசம்பரில் ஒரு விசித்திரமான முயற்சி நடந்தது. மான்களைப் பள்ளத்தாக்கின் வழியே தென்கரைக்கு ஓட்டிவிடலாம் என்று எண்ணிக் குதிரையேறியவர்களும், மணிகளை ஒலித்தபடி நடந்த நவாஹோ மக்களும் பனியில் அணிவகுத்தனர். மான்கள் இடைவெளிகளில் புகுந்து பின்னே ஓடிவிட்டன. ஒன்றுகூட அக்கரை சேரவில்லை.

சிங்கங்கள் அழிந்தது மட்டுமே காரணமா? ஆடுமாடுகளின் மேய்ச்சல் குறைந்ததும் மான்கள் பெருகியதற்குக் காரணமாகலாம் என்று 1970-இல் ஓர் அறிஞர் வாதிட்டார். அந்த விவாதம் பிறகும் தொடர்ந்தது.

வேட்டைக்காரர் தரப்பிலும் நியாயம் உண்டு. 1937-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, துப்பாக்கி, தோட்டாக்களின் மீது வசூலாகும் வரி அந்நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புக்கே செல்கிறது. ஓநாய் இல்லாத காட்டில் மான்களின் பெருக்கத்தை யாரேனும் கட்டுப்படுத்தத்தான் வேண்டும் என்றும் அவர்கள் கூறுகின்றனர். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் மான்களைக் காக்கச் சிங்கத்தையும் கயோட்டியையும் கொல்ல வேண்டும் என்ற வாதம் அவ்வளவு உறுதியானதன்று. ஐடஹோ மாநிலத்தில் 1997 முதல் 2003 வரை இதையே செய்து பார்த்தனர். பூமாக்கள் குறைந்த இடங்களில் சில மான்கள் கூடுதலாகப் பிழைத்தன. எனினும் மான் கூட்டம் நிலையாகப் பெருகவில்லை. அதன் ஏற்ற இறக்கத்தைப் பெரிதும் தீர்மானித்தது பருவநிலைதான்.

அப்படியிருந்தும் சிங்கத்தின் மீது கோபம் ஏன் தணிவதில்லை? இலையுதிர்காலத்தில் தான் சுட வேண்டிய மானைச் சிங்கம் முந்திக்கொண்டு தின்றுவிடுகிறது என்பதே அதன் வேர். அது 'என்' மான்! மமகாரம் காட்டிலும் வேலி போடுகிறது.

பாகவதத்தில் வரும் பரத மன்னரின் கதையும் சிங்கத்தின் கர்ஜனையில்தான் தொடங்குகிறது. அதைக் கேட்டு அஞ்சி ஆற்றைத் தாண்டிய தாய்மான் இறந்தது. வெள்ளத்தில் விழுந்த குட்டியை அவர் எடுத்து வளர்த்தார். சிங்கத்தைத் தேடிக் கொல்ல அவர் புறப்படவில்லை. மானைத் தின்னும் நோக்கமும் அவருக்கில்லை. ஆயினும் 'என் குட்டி' என்ற பற்று அவரை மறுபிறவியில் மானாகப் பிறக்க வைத்தது. அத்தனை தூய அன்பிலேயே இவ்வளவு கட்டு இருந்தது என்றால், வேட்டைக்காரனின் அன்பைப் பற்றி என்ன சொல்வது!

ஆல்டோ லியோபோல்டு என்ற வனத்துறை இளைஞர் 1909-இல் அரிசோனாவில் ஓநாய்க் கூட்டம் ஒன்றைச் சுட்டார். ஓநாய்கள் குறைந்தால் மான்கள் கூடும், அதுவே வேட்டைக்காரரின் சொர்க்கம் என்று அன்று அவர் நம்பினார். கிழப் பெண் ஓநாய் ஒன்றின் கண்களில் பசிய ஒளி அடங்குவதை அருகே சென்று பார்த்தார். உடனே மனம் மாறிவிட்டதா? இல்லை. அதன் பிறகும் பல ஆண்டுகள் ஓநாய்களை ஒழிக்க வேண்டும் என்று அவரே பிரசாரம் செய்தார். தம் தவற்றை ஒப்புக்கொண்டு அவர் எழுதியது 1944-இல். அது நூலில் வெளிவந்தது 1949-இல், அவர் மறைந்த மறு ஆண்டு. வேட்டையை மட்டும் அவர் இறுதிவரை கைவிடவில்லை.