முள்ளை அனுப்பியது முருகனா?



இது கொஞ்சம் சங்கடமான பதிவு. பொறுமையா படிங்க.

2025 நவம்பர் 13, வியாழக்கிழமை. சூரசம்ஹாரம் முடிஞ்சு ரெண்டு வாரம் தாண்டியிருந்தது. அன்னிக்கு எல்லார் போன்லயும் ஒரே வீடியோதான். திருச்சி – புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில, கீரனூர் பக்கத்துல, ஒரு சின்ன பயிற்சி விமானம் நடுரோட்ல நிக்குது. சேலத்துல இருந்து கிளம்பின விமானம். பறக்கும்போதே கோளாறாகி, பஸ்ஸும் லாரியும் ஓடுற ரோட்லயே இறக்கிட்டாங்க. உள்ளே இருந்த ரெண்டு பேரும் உயிர் பிழைச்சாங்க.

வீடியோ வந்த அஞ்சாவது நிமிஷம் நம்ம ஆலங்குளம் குரூப்ல ஒருத்தர் போட்டார்: "விராலிமலையான் தாங்கிப் பிடிச்சிட்டான்!" கீழே வரிசையா அரோகரா. விராலிமலை அதே மாவட்டம்தான், சொல்லத் தோணுறது இயல்பு. நானும் ஒரு வேல் படம் போட்டேன். போட்டுட்டு உடனே அழிச்சேன். ஏன் அழிச்சேன்னு அப்புறம் சொல்றேன்.

முதல்ல அந்த ரெண்டு பேரும் மேல என்ன செஞ்சிருப்பாங்கன்னு பார்ப்போம். சின்ன விமானத்துல எஞ்சின் நின்னா அது கல்லு மாதிரி விழாது. செஸ்னா 172 மாதிரியான விமானம் ஆயிரம் அடி உயரத்துல இருந்தா, எஞ்சின் இல்லாமலே ரெண்டரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல மிதந்து போகும். ஆனா அதுக்கு ஒரு நிபந்தனை இருக்கு. வேகம் குறையக்கூடாது, மணிக்கு சுமார் 125 கிலோமீட்டர்ல வச்சிருக்கணும். எஞ்சின் இல்லாம அந்த வேகம் எங்கேருந்து வரும்? மூக்கைத் தரையைப் பார்த்து இறக்கணும். எந்தத் தரையைப் பார்த்துப் பயப்படுறோமோ அதையே பார்த்து! பயந்தவன் கை தானா மேலே இழுக்கத்தான் பார்க்கும். இழுத்தா வேகம் செத்து, இறக்கை தாங்குற சக்தியை இழந்து, விமானம் நெசமாவே விழுந்துரும். அதனாலதான் பயிற்சியில ஆசிரியர் சொல்லாமக்கொள்ளாம எஞ்சின் விசையைக் குறைச்சிட்டு, "இப்ப என்ன செய்வே?"ன்னு கேட்பார். கை பயத்தை மறக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப இதே பாடம்தான்.

இன்னொண்ணும் சொல்லிக்கொடுப்பாங்க. எஞ்சின் நின்ன நிமிஷத்துல விமானத்தை மறந்துரு, அது உன்னோடது இல்ல. உடைஞ்சா உடையட்டும், ஆளு பிழைக்கணும். கிளம்பின ஓடுதளத்துக்கே திரும்பிரலாம்ங்கிற ஆசையில, உயரம் பத்தாம உயிரை விட்டவங்க உலகம் பூரா இருக்காங்க. என்னைக் கேட்டா சரணாகதிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. விட வேண்டியதை விட்டாச்சு, ஆனா பிடியை மட்டும் விடல. "எல்லாம் அவன் பார்த்துப்பான்"னு ஹெல்மெட் போடாம ராஜபாளையம் ரோட்ல பறக்குற நம்ம தம்பிங்க செய்யுறது சரணாகதி இல்ல, சோம்பேறித்தனம்.

சரி, அப்ப காப்பாத்தினது பயிற்சியா, முருகனா? இந்தக் கேள்வி எனக்குப் பெருசாத் தெரியல. வேல்னாலே ஞானம்னுதானே பெரியவங்க சொல்றாங்க. ஆசிரியர் கத்துக்கொடுத்த அறிவையும் அவன் அருள்னு வச்சுக்கிட்டா சண்டையே இல்ல. என் தூக்கத்தைக் கெடுக்கிறது வேற கேள்வி.

போன தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடந்தோம். ராத்திரி கழுகுமலையில தங்கிட்டு விடியறதுக்கு முன்னாடி கிளம்பினோம். எங்க தெரு அண்ணன் ஒருத்தரும் நானும் பேசிக்கிட்டே வந்தோம். எனக்கு உள்ளங்கால்ல முள் குத்துச்சு. "நீங்க போங்கண்ணே, எடுத்துட்டு வாரேன்"னு உட்கார்ந்தேன். அவர் இருபது அடி போயிருப்பார். பின்னாடி வந்த வண்டி அவரை அடிச்சிட்டுப் போயிருச்சு. அங்கேயே முடிஞ்சிருச்சு.

ஊருக்கு வந்த மறுநாள் குரூப்ல எழுதினேன்: "முள்ளா வந்து என்னை உட்கார வச்சவன் முருகன்." இருநூறு அரோகரா வந்துச்சு. அந்த அண்ணனோட அம்மாவுக்குப் பேத்தி அதை வாசிச்சுக் காட்டியிருக்கா. பதினாறு முடிஞ்சு நான் போனப்ப பெரியம்மா சொன்னாங்க: "நீ நல்லா இருக்கணும்யா. ஆனா ஒண்ணு கேக்குறேன். உனக்கு ஒரு முள்ளு அனுப்பினவன் என் பிள்ளைக்கு ஏன்யா ஒண்ணு அனுப்பல? அவன் விரதத்துல என்ன குறை?"

எங்கிட்ட பதில் இல்ல. இன்னிக்கும் இல்ல.

அதே 2025 ஜூன் 12-ல அகமதாபாத்துல ஏர் இந்தியா விமானம் கிளம்பின உடனே விழுந்துச்சு. உள்ளே 242 பேர். 241 பேர் போயிட்டாங்க, தரையிலயும் 19 பேர். பிழைச்சது ஒரே ஒருத்தர். "கடவுள் காப்பாத்தினார்"னு அன்னிக்கும் எத்தனை பதிவு! அதே விமானத்துல அவரோட கூடப்பிறந்தவரும் இருந்தார். பிழைச்சவரைக் காப்பாத்தினார்னு நாம எழுதினா, அந்த வீட்டுல யாருக்கு என்ன சொன்னோம்னு அர்த்தம்?

முன்வினைன்னு சிலர் சொல்வாங்க. தன் கஷ்டத்துக்கு ஒருத்தர் அப்படிச் சொல்லிக்கிட்டா அது அவருக்கு ஆறுதல். அடுத்தவங்க வீட்டு வாசல்ல நின்னு சொன்னா அது கொடுமை.

அருணகிரிநாதர் திருவண்ணாமலை கோபுரத்துல இருந்து குதிச்சப்ப முருகன் தாங்கினான்னு நாம நம்புறோம். நானும் நம்புறேன். ஆனா அந்தக் கதையில அவர் எங்கயுமே "பார்த்தியா, என்னை மட்டும் பிடிச்சான்"னு மார்தட்டல. எழுந்து, ஊர் ஊரா நடந்து, வாழ்நாள் பூரா பாடினார். விராலிமலையிலயும் பாடினார், நம்ம கழுகுமலையிலயும் பாடினார்.

அதனால நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன், தப்புன்னா பெரியவங்க திருத்துங்க. நன்றியை அவன் முன்னால, காதும் காதும் வச்ச மாதிரி சொல்றேன். அவனுக்கும் எனக்கும் நடுவுல அது இருக்கட்டும். குரூப்ல ஆதாரம் மாதிரி வைக்கிறதில்ல. அன்னிக்கு வேல் படத்தை அழிச்சது அதுக்காகத்தான். அந்தப் பெரியம்மாவும் நம்ம குரூப்லதான் இருக்காங்க.

வர்ற தைப்பூசத்துக்கு மாலை போட்டாச்சு. போன வாரம் பெரியம்மா கூப்பிட்டு அனுப்பினாங்க. பயந்துக்கிட்டேதான் போனேன். ஒரு பை நிறைய, ராத்திரியில வெளிச்சம் பட்டா மின்னுற ஸ்டிக்கர் பட்டை வாங்கி வச்சிருந்தாங்க. நடக்குற முப்பத்தி ரெண்டு பேருக்கும், முதுகுக்கு ஒண்ணு, பைக்கு ஒண்ணுன்னு எண்ணி வச்சிருந்தாங்க. "நீயே ஒட்டி விடுய்யா, எவனையும் விட்டுறாத"ன்னாங்க. என் சட்டையில மட்டும் அவங்களே ஒட்டினாங்க.